ஆறப் பொறுக்காதவர்

பஸ் நிற்பதற்கு முன்னால் இறங்கிவிடுவார். சேலை கட்டிய ஒரு பெண் ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்து, இரண்டு எட்டு ஓடி, நிலைகொண்டு நடப்பதைத் தென்காசி அதற்கு முன் பார்த்ததில்லை. "டீச்சர், ஒரு நிமிசம் பொறுத்தா பஸ்ஸே நிக்கும்லா!" என்று கண்டக்டர் கத்துவார். டீச்சர் அதற்குள் தெருமுனை தாண்டியிருப்பார்.

நான் சொல்வது ஐம்பதுகளின் கடைசி. பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் அவர் ரசாயனம் நடத்திக்கொண்டிருந்தார். பெயர் வேண்டாம். ஊரில் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான், எனக்கும் அப்படியே இருக்கட்டும். எனக்குக் குற்றாலம் ரோட்டில் ஒரு லேத் பட்டறை. நெல் மில்லுக்கு ஷாஃப்ட் கடைவது, ஆயில் என்ஜினுக்குப் புஷ் போடுவது, உடைந்ததை ஒட்டுவது. ஒருநாள் காலை அவர் செய்தித்தாளில் சுற்றிய பாய்லர் குழாய் ஒன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்து நின்றார். கை நீளத்துக்கு மேல் இருக்கும்.

"ரெண்டு பக்கமும் மூடி போடணும் அண்ணாச்சி. காத்து புகப்பிடாது. மூடியில ஒவ்வொரு சின்னக் குழாய். ஒண்ணுல கேஸு உள்ள போவணும், இன்னொண்ணுல வெளிய வரணும்."

"வியாழக்கெழம வாருங்க டீச்சர்."

"இப்ப லேத்துல என்ன ஓடுது?"

"மில்லுக்காரருக்கு ஷாஃப்டு. ஒரு மணி நேரம் ஆவும்."

"நிக்கேன்."

ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை. பத்து நிமிடம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் எண்ணெய்க் குப்பியை எடுத்து, நான் கடைகிற இடத்தில் அவரே சொட்டு விட்டுக்கொண்டிருக்கிறார். நடுவில் நாலு தடவை "ஆயிட்டா?" என்று கேட்டார். மில்லுக்காரர் ஷாஃப்ட் அன்று கொஞ்சம் கோணல்.

குழாய் எதற்கு என்று கேட்டதும் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தார். கறுப்பு மணல். சீசன் வெள்ளம் வடிந்த பிறகு சிற்றாற்றங்கரையில் கோடு கோடாகப் படிந்து கிடக்குமே, அது. காந்தத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு ஆற்றங்கரை முழுக்க நடந்து சேர்த்திருக்கிறார்.

"இது இரும்புத் தாது அண்ணாச்சி. இரும்பும் ஆக்சிஜனும் கட்டிப் புடிச்சுக்கிட்டுக் கெடக்கு. பெரிய உலையில கல்கரி போட்டு உருக்கித்தான் பிரிக்காவ. நம்ம பக்கம் கல்கரிக்கு எங்க போவ? ஆனா உருக்கவே வேண்டாம். குழாய்க்குள்ள இத வச்சு, சிவக்கச் சுட்டு, மேல சாணி கேஸ ஓட விட்டா, கேஸு ஆக்சிஜன எடுத்துக்கிட்டு, தன்கிட்ட உள்ள கரிய இரும்புக்குக் குடுத்துட்டுப் போயிரும். மிஞ்சுறது இரும்புக் கார்பைடு. கறுப்புப் பொடி. அதப் பழைய இரும்போட சேத்து உருக்குனா எஃகு."

கடைசி வார்த்தையில் நான் விழுந்தேன். எஃகுக்கு அன்றைக்கு பெர்மிட் வேண்டும். விண்ணப்பம் போட்டுவிட்டு ஆறு மாதம் உட்கார்ந்திருந்தாலும் பெர்மிட் வராது. சிற்றாற்று மணலிலும் மாட்டுச் சாணத்திலும் எஃகு இருக்கிறது என்று படித்த ஒருத்தர் வந்து சொன்னால், என் நிலையில் இருப்பவன் வேறென்ன செய்வான்?

சாணி கேஸுக்கு ஒரு இடம் எனக்குத் தெரிந்திருந்தது. குத்துக்கல்வலசையில் என் மனைவிக்குப் பெரியப்பா முறையுள்ளவர், எனக்கு மாமா. வயலும் மாடுமாக வாழ்ந்தவர். யாரோ அதிகாரி சொன்னார் என்று தொழுவத்துக்குப் பின்னால் குழி எடுத்து, சாணியைக் கரைத்து விட்டு, மேலே பெரிய இரும்பு டிரம்மைக் கவிழ்த்து வைத்திருந்தார். கேஸ் சேரச் சேர டிரம் மேலே எழும்பும். ஆனால் அத்தை, "சாணியில எரியுத அடுப்புல நான் சோறு பொங்க மாட்டேன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். கேஸ் சும்மா கிடந்தது.

மாமாவுக்கு ஒரு சந்தேகம். "ஏம்மா, கார்பைடுன்னா கல்யாண ஊர்வலத்துல லைட்டுக்குப் போடுத கல்லுதான? தண்ணி பட்டாப் பொங்குமே?"

"அது சுண்ணாம்போட கார்பைடு. இது இரும்போட..." என்று ஆரம்பித்த டீச்சர், மாமா "அப்படியா" என்று சொல்வதற்குள் தொழுவத்துப் பின்பக்கம் போய் அடுப்புக்கு இடம் அளந்துகொண்டிருந்தார்.

அவர் பிறர் பேச்சை முடிக்க விட்டதில்லை. பரீட்சை எழுதும் பிள்ளையின் தோளுக்குப் பின்னால் நின்று, அது எழுத எழுதவே சிவப்புப் பென்சிலால் திருத்துவாராம். குற்றாலத்தில் சீசன் பழம் வந்தால் முதல் கூடையிலேயே மங்குஸ்தான் வாங்குவார். காயாக இருக்கும், பால் ஒட்டும், துப்புவார். அடுத்த வாரம் பழுத்து வரும்போது அவருக்கு அதன் மேல் ஆசை போயிருக்கும். என் மனைவி ஒருநாள் அவருக்கு இட்லி வைக்கலாம் என்று கொப்பரையை ஏற்றினாள். மூன்று தடவை மூடியைத் திறந்து பார்த்துவிட்டார். அன்று இட்லி கல். அவர் போன பிறகு என் மனைவி சொன்னாள்: "ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கலன்னு சொல்லுவாவ. இவியளுக்கு ஆக்கவும் பொறுக்கல."

அது மட்டும் சரியில்லை. ஆக்குவதில் அவரைப்போல ஒருத்தரை நான் கண்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் வந்துவிடுவார். செங்கல் அடுப்பில் கரி மூட்டி, நடுவில் குழாயைப் படுக்க வைப்போம். டிரம்மிலிருந்து வரும் கேஸ் முதலில் சுண்ணாம்புத் தண்ணீருக்குள் குமிழி விட்டு, பிறகு துருத்தூள் நிரப்பிய டப்பா வழியாகப் போகும். கேஸில் உள்ள அழுக்கு அங்கங்கே தங்கிவிடும் என்பார். குழாயின் மறு முனையில் வெளியேறும் கேஸைக் கொளுத்திவிடுவார். அந்தச் சுடரைப் பார்த்தே உள்ளே நடப்பதைச் சொல்வார். சூடு கூடினால் கேஸ் உடைந்து வெறும் கரிப்புகையாகக் குழாய்க்குள் அடைத்துக்கொள்ளும், குறைந்தால் ஒன்றும் நடக்காது. அதற்காகக் குழாயின் மேல் ஒரு அலுமினியத் துண்டை வைத்திருப்பார். அது உருகத் தொடங்குவதற்குச் சற்று முன்னாலேயே, நிறத்தை வைத்து, "கரிய இழுங்க, இழுங்க" என்பார். ஆறு மணி நேரம் இப்படி. அந்த ஆறு மணி நேரமும் கை வேலை இருந்தது, கண் வேலை இருந்தது. அவருக்கு அது போதும்.

சிக்கல் அதற்கு அப்புறம். சூட்டோடு திறந்தால் உள்ளே இருக்கிற பொடி காற்றைக் கண்டதும் பற்றிக்கொள்ளும். எனவே கரியை இழுத்துவிட்டு, கேஸை மெல்லியதாக ஓடவிட்டபடியே குழாய் ஆறும் வரை விட்டுவிட வேண்டும். செங்கலுக்கும் சாம்பலுக்கும் நடுவே கிடக்கிற குழாய் முழுக்க ஆற இரண்டு நாள் ஆகும். இதை எனக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான்.

முதல் ஞாயிறு, கரியை இழுத்து ஒரு மணி நேரம் ஆகியிருக்காது.

"சும்மா ஒரு கண்ணு பாத்துட்டு மூடிருவோம் அண்ணாச்சி."

"நீங்கதான ரெண்டு நாளுன்னிய?"

"ஓரத்துல மட்டும்."

மூடியைத் தளர்த்தினார். உள்ளே கறுப்பாக, மெத்தென்று, கண்மை மாதிரி பொடி. அவர் முகம் மலர்ந்து முடிவதற்குள் ஓரத்தில் பீடி நுனி போல ஒரு சிவப்புப் புள்ளி. அது பரவியது. ஊதினால் அணையாது. கண் முன்னாலேயே கறுப்பெல்லாம் செம்மண் நிறத்துக்குத் திரும்பிவிட்டது. ஆறு மணி நேர வேலை ஒரு தட்டுத் துருவாகக் கிடந்தது.

"போச்சு," என்றார். "அடுத்த வாரம்."

அடுத்த வாரமும் அதே. அதற்கடுத்த வாரம், திங்கட்கிழமை மத்தியான இடைவேளையில் பள்ளியிலிருந்து ஓடி வந்து திறந்துவிட்டார். இன்னொரு தடவை குழாய்க்குள் நின்ற கேஸ் பக்கென்று பிடித்து, புருவமும் முன்மயிரும் கருகின. மறுநாள் மையால் புருவம் வரைந்துகொண்டு வகுப்புக்குப் போனார். பிள்ளைகள் சிரித்தார்களாம். இவரும் கூடச் சிரித்துவிட்டு, தீப்பிடிக்கும் வாயுக்களைப் பற்றி அன்றைய பாடத்தை நடத்தினாராம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் ஞாயிற்றுக்கிழமைகள் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு முறையும் மணல் கழுவி, கரி சுமந்து, மூடி கருகினால் புது மூடி கடைந்து, கடைசியில் துரு. "எங்க எஃகு?" என்று மாமா கேட்பார். "வருது வருது" என்பேன். அவர் மாட்டைப் பார்த்துச் சிரிப்பார்.

அந்த வருடம் சாரல் சமயத்தில் சென்னையிலிருந்து ஒரு என்ஜினியர் குடும்பத்தோடு குற்றாலத்துக்கு வந்திருந்தார். தொழில் இலாகாவில் பெரிய பதவி. அவருடைய காரின் அச்சைச் சரிசெய்யப் போன நான், விஷயத்தைச் சொன்னேன். மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கோபர் கேஸில் இரும்புத் தாதுவா? காட்ட முடியுமா? நான் ஒரு வரி எழுதினால் உங்களுக்கு ஒரு சரியான உலையே கிடைக்கும்." செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறேன் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அருமையாக ஓடியது. சுடர் அவர் சொன்ன நிறத்தில் எரிந்தது. கரியை இழுத்ததும் நான் ஒரு வேலை செய்தேன். மூடியைப் போல்ட் போட்டு இறுக்கி, ஸ்பேனரைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"எதுக்கு அண்ணாச்சி?"

"செவ்வாக்கெழம காலையில நானே கொண்டாருதேன். அதுவர அது எங்கிட்ட கெடக்கட்டும்."

அவர் போல்ட்டை ஒரு தடவை விரலால் திருகிப் பார்த்தார். எனக்கு அப்போதே பயமாகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை என்ஜினியர் குடையும் பூட்ஸுமாக வந்தார். போல்ட்டில் புதுக் கீறல் இருந்ததை நான் பார்த்தேன். திறந்தேன். செம்பொடி. திங்கட்கிழமை சாயங்காலம் டீச்சர் நெல் மில்லில் ஸ்பேனர் இரவல் வாங்கியிருக்கிறார்.

என்ஜினியர் ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தார். "இது துருதானே?"

"ஆமா சார்," என்றார் டீச்சர். "நேத்து வர கார்பைடா இருந்துது. நான் தொறந்துட்டேன். அடுத்த செவ்வாக்கெழம வந்தியன்னா..."

"நாளைக்கு ஊருக்குக் கிளம்பறேன் மேடம். வெரி சாரி." குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் கார் திரும்பிய பிறகு நான் வாய்விட்டேன். மாமா, அத்தை எல்லோரும் நிற்கிறார்கள் என்றும் பார்க்கவில்லை. "ஒரு நாளு! ஒரே ஒரு நாளு! அத்தன படிச்சிருக்கிய, ஒரு மூடிய மூடி வச்சிருக்கத் தெரியல! எங்க வீட்டு ஆடு பொறுக்கும் டீச்சர், நீங்க பொறுக்க மாட்டிய!"

அவர் மாட்டுத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையில் அந்தச் செம்பொடி. நான் கத்தி முடிக்கும் வரை இருந்தார். ஒருவர் பேசி முடிக்கும் வரை அவர் காத்திருந்தது எனக்குத் தெரிந்து அன்றைக்குத்தான்.

"எனக்கு இருவத்திரண்டு வயசுல மெட்ராஸ்ல மேல படிக்க எடம் கெடச்சுது அண்ணாச்சி. லெட்டர் கையில வந்துட்டு. எங்க அப்பா சர்ச்சுல உபதேசியார். 'தம்பி படிப்பு முடியட்டும், பொறும்மா'ன்னாவ. தம்பி முடிச்சான். 'தங்கச்சி கல்யாணம் ஆவட்டும், பொறும்மா'ன்னாவ. அதுவும் ஆச்சு. லெட்டர எடுத்துக்கிட்டு ரயிலேறிப் போனேன். வயசு தாண்டிட்டுன்னு சொல்லிட்டாவ." பொடியைத் தொட்டிக்குள் தட்டினார். "பொறு பொறுன்னு மூடி வச்ச எதுவும் எனக்கு நல்லா வெளிய வந்ததில்ல. உள்ள கெட்டுப் போயிருக்குமோ, கெட்டுப் போயிருக்குமோன்னு... கை நிக்க மாட்டேங்கு."

காரணம் தெரிந்தால் கோபம் தணிந்துவிடும் என்பார்கள். எனக்குத் தணியவில்லை. பரிதாபமும் கோபமும் சேர்ந்து இன்னும் எரிச்சலாகத்தான் இருந்தது. "சரி டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். ஐந்தாறு மாதம் நான் அந்தப் பக்கமே போகவில்லை.

பொங்கல் கழிந்து அவரே பட்டறைக்கு வந்தார். ஒரே ஒரு தடவை, கடைசித் தடவை என்றார். இந்த முறை ஸ்பேனரை அவராகவே என்னிடம் நீட்டினார். ஞாயிற்றுக்கிழமை ஓட்டினோம். திங்கட்கிழமை சாயங்காலம் பள்ளி ஆயா ஒரு துண்டுச் சீட்டு கொண்டுவந்து தந்தார். "திடீரென்று இன்ஸ்பெக்ஷன். வியாழக்கிழமை சாயங்காலம்தான் வர முடியும். கேஸ் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நான் வந்து திறக்கிறேன்."

நான் தினமும் போனேன். டிரம் இறங்கியிருக்கிறதா, கேஸ் ஓடுகிறதா என்று பார்த்தேன். செவ்வாய் குழாயில் வெதுவெதுப்பு இருந்தது. புதன்கிழமை மத்தியானம் தொட்டேன். கிணற்றுக் கல் மாதிரி குளிர்ந்திருந்தது. தொழுவத்தில் யாருமில்லை. மாமா வயலில். ஸ்பேனர் என் பையில்.

திறந்தேன். கறுப்புப் பொடி. ஒரு நிமிடம் பார்த்தேன். ஐந்து நிமிடம். கறுப்பாகவே இருந்தது. வெயிலில் ஒரு தகட்டில் கொட்டினேன், அப்போதும் கறுப்பு. காந்தத்தைக் காட்டினேன், தாவியது. அவர் எனக்குக் கற்றுத் தந்த சோதனை ஒன்று உண்டு. வெறும் இரும்பானால் அமிலத்தில் முழுக்கக் கரைந்துவிடும். கார்பைடானால் அடியில் கறுப்புத் தங்கும், மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை எழும். அமிலக் குப்பி அங்கேயே ஓரமாக இருந்தது. இரண்டு சொட்டு விட்டேன். மூக்கைக் கொண்டுபோனேன்.

வந்தது. சந்தேகமே இல்லை. தனியாளாக அந்தத் தொழுவத்தில் நின்று நான் கத்தியதில் மாடுகள் எழுந்துகொண்டன.

பொடியை ஒரு மருந்து பாட்டிலில் அடைத்துக்கொண்டு சைக்கிளை மிதித்தேன். பள்ளி வாசலில் காத்திருந்து, ஆயாவிடம் சொல்லி அனுப்பினேன். டீச்சர் கையில் சாக்பீஸ் தூளோடு வந்தார். பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கறுப்பு ஒரு பக்கமாக வழிந்தது. அவர் குதிப்பார், பறிப்பார், அப்படியே என் சைக்கிளில் ஏறி வருவார் என்று நினைத்திருந்தேன்.

"நீங்களே தொறந்துட்டியளா?"

"ஆமா டீச்சர். நல்லா ஆறிட்டு. அதான்..."

"அமிலமும் விட்டுப் பாத்தியளா?"

"பாத்தேன். நீங்க சொன்ன அதே வாடை!"

தலையசைத்தார். பாட்டிலின் மூடியை ஒரு சுற்று இறுக்கினார்.

"திங்கக்கெழம மத்தியானம் கெளம்பிட்டேன் அண்ணாச்சி. பாதி வழி நடந்துட்டுத் திரும்பிட்டேன். நேத்தும் கெளம்பி, பள்ளிக்கூட கேட்டு வர வந்துட்டுத் திரும்பிட்டேன்." சற்று நிறுத்தினார். "நாளைக்குச் சாயங்காலம் நான் வந்திருப்பேனே."

மணி அடித்தது. பாட்டிலை என்னிடமே கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

அதன் பிறகு இரண்டு முறை ஓட்டினோம். இரண்டையும் சூட்டோடு திறந்தார். நான் தடுக்கவில்லை. தடுக்க எனக்கு வாயில்லை. ஜூனில் சிவகிரிக்கு மாற்றலாகிப் போனார். கேட்டு வாங்கிய மாற்றல் என்று ஆயா சொன்னார். நான் தனியாக ஓட்டிப் பார்த்தேன். அவர் கண் இல்லாமல் சூடு பிடிபடவில்லை, குழாய் முழுக்கக் கரிப்புகை அடைத்தது. மறுவருஷம் மாமாவின் டிரம் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. எஃகுக்கு நான் பெர்மிட் வாங்கித்தான் பிழைத்தேன்.

அறுபதுகள் முழுக்க இந்தக் கதையைப் பட்டறையிலும் டீக்கடையிலும் சொல்லியிருக்கிறேன். பொறுமையில்லாத டீச்சர் கதை என்றால் எல்லோரும் கேட்பார்கள். புருவம் கருகியதில் சிரிப்பார்கள், என்ஜினியர் போனதும் உச்சுக் கொட்டுவார்கள். கடைசியில் ஒரு தடவை சரியாக வந்தது என்பேன். எப்படி என்று கேட்பார்கள். "மூணு நாளு ஆற விட்டுத் தொறந்தோம்" என்பேன். யாருக்கும் அதில் ஒன்றும் தோன்றியதில்லை.

தொறந்தோம் இல்லை. பொறுத்தது அவர், தொறந்தது நான்.